கைடின் சைட்டேஷன் எண்ணை நம்பி மகளை ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு அனுப்பலாமா?

கேள்வி, மே 4

வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையும் வாங்கிவிட்டாள். ஆர்.என்.ஏ. பற்றித்தான் பிஎச்.டி. செய்வேன் என்கிறாள். இரண்டு இடங்களில் கைடு கிடைக்கும் நிலை. ஒருவருக்கு கூகுள் ஸ்காலரில் ஆறாயிரத்துக்கு மேல் சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 38. இன்னொருவருக்கு நானூற்றுச் சொச்சம், எச்-இண்டெக்ஸ் 11. மகள் இரண்டாமவரிடம் போக நினைக்கிறாள். நான் தென்னை விவசாயி. எண்ணைப் பார்த்தால் முதல் ஆள்தான் பெரியவர் என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

அண்ணா, நான் கொழிஞ்சாம்பாறை. பிஎச்.டி. திருவனந்தபுரத்தில், டிஆர்.என்.ஏ. பற்றி. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வில் உள்ள செய்தியை வைத்து செல்லுக்குள் உருவாகும் மூலக்கூறு; அதில் புரதம் செய்ய அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் வகைதான் டிஆர்.என்.ஏ. இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியர் வேலை, தினமும் உங்கள் ஊர் வழியாகத்தான் பஸ்.

ஆறாயிரம் முறை மற்றவர்கள் அவருடைய பேப்பர்களைத் தங்கள் பேப்பரில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது உண்மை. எதற்காகக் குறிப்பிட்டார்கள் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. 38 என்றால், அவருடைய பேப்பர்களில் 38, ஒவ்வொன்றும் குறைந்தது 38 முறை சைட் ஆகியிருக்கின்றன. இந்த எண் ஏறும், இறங்காது. ஆள் ரிட்டயர் ஆன பிறகும் ஏறும். அதனால் முதலில் இருவரின் வயதையும் பாருங்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரரின் 38ஐயும் நாற்பது வயதுக்காரரின் 11ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

மூன்றே பேப்பர் எழுதி, மூன்றும் பத்தாயிரம் முறை சைட் ஆனாலும் எச்-இண்டெக்ஸ் 3தான். இதையும் மனதில் வையுங்கள்.

மே 5

நேற்று எழுதியதற்கு ஓர் உதாரணம் வேண்டும். என் வேலைக்குள்ளிருந்தே எடுக்கிறேன்.

ஆர்.என்.ஏ.வைக் கையாள்வது சிரமம். நம் தோலிலும் எச்சிலிலும் அதை வெட்டிப்போடும் நொதி இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் அது எளிதில் சாகாது. கையுறை இல்லாமல் ட்யூபைத் தொட்டால் போச்சு. 1987இல் சோம்சின்ஸ்கி, சாக்கி என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். குவானிடினியம் தயோசயனேட் கலவையில் செல்லைக் கரைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். அமிலத்தன்மையுள்ள ஃபீனாலும் குளோரோஃபார்மும் சேர்த்துச் சுழற்றினால் டி.என்.ஏ. நடுப்படலத்தில் தங்கிவிடும், ஆர்.என்.ஏ. மட்டும் மேலே தெளிந்த நீரில் நிற்கும். இன்று எல்லா லேபிலும் டிரைசால் என்று வாங்குகிற இளஞ்சிவப்புத் திரவம் இந்த முறையின் வாரிசுதான்.

அந்த பேப்பர் நான்கே பக்கம். 2014இல் நேச்சர் இதழ், உலகிலேயே அதிகம் சைட் ஆன 100 பேப்பர்களின் பட்டியலை வெளியிட்டது. இது ஐந்தாவது இடத்தில் இருந்தது, 60,000 தாண்டி. அதற்கு மேலே இருந்த நான்கும் செய்முறைப் பேப்பர்களே: புரதத்தை அளப்பது, ஜெல்லில் பிரிப்பது, டி.என்.ஏ. வரிசையைப் படிப்பது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 பேப்பர் அந்த நூறுக்குள்ளேயே இல்லை.

பாடப்புத்தகத்தில் வந்துவிட்ட விஷயத்தை யாரும் சைட் செய்வதில்லை. அன்றாடம் கையில் எடுக்கும் கருவியை எல்லோரும் சைட் செய்கிறார்கள். பட்டியல் காட்டுவது இதைத்தான்.

மே 5, கொஞ்ச நேரம் கழித்து

மீனாட்சிபுரத்து நண்பர், "அப்போ கருவி செய்தவன் சின்ன ஆளா?" என்று கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. நான் பிஎச்.டி. சேர்ந்த புதிதில் மேல் நீரை பிப்பெட்டில் எடுக்கும்போது பேராசைப்பட்டு நடுப்படலத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடுவேன், எல்லாம் டி.என்.ஏ. கலந்து வீணாகும். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் விட்டுடு, முழுசா எடுக்கப் பார்க்காதே" என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் ஜெல்லில் 28எஸ், 18எஸ் என்ற இரண்டு பெரிய ஆர்.என்.ஏ.க்களின் பட்டைகளும் (ஆர்.என்.ஏ. உடையவில்லை என்பதற்கு அடையாளம்) கூர்மையாக, மேலே உள்ளது கீழே உள்ளதைவிட இரண்டு மடங்கு பளிச்சென்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பெரியது. அந்த முறை இல்லையென்றால் எங்கள் தலைமுறையின் பாதி வேலை நடந்திருக்காது. அறுபதாயிரமும் அதற்குத் தகும்.

மே 7

கொரோனா காலத்தில், 2021 ஆகஸ்டில், வாளையார் எல்லையில் ஆர்.டி.-பி.சி.ஆர். சர்டிபிகேட் கேட்டு நிறுத்தினார்களே, நம் பக்கத்து ஆள் யாருக்கும் மறந்திருக்காது. அப்போது சின்னப் பையன்கள்கூட "சி.டி. வேல்யூ எவ்வளவு?" என்று பேசினார்கள். வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கி, எத்தனையாவது சுற்றில் வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பதே அந்த எண். ஒரு சுற்று வித்தியாசம் என்றால் அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

இந்தச் சுற்று எண்களை வைத்து, ஒரு ஜீன் எவ்வளவு கூடியது, குறைந்தது என்று கணக்கிடும் முறையை லிவாக், ஷ்மிட்ஜன் என்ற இருவர் 2001இல் எழுதினார்கள். அது இன்று ஒரு லட்சம் சைட்டேஷனைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: ஒப்பிடும் இரண்டு ஜீன்களும் கிட்டத்தட்ட ஒரே திறனில் இரட்டிப்பாக வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்காமலே அந்தப் பேப்பரை சைட் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதல் வேலையே அதை முழுதாக வாசிப்பதுதான்.

மே 10

கண்டுபிடிப்புப் பேப்பரின் கதை வேறு மாதிரி. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை, அதாவது மற்ற ஜீன்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, சி. எலிகன்ஸ். அதில் லின்-4 என்றொரு ஜீன். விக்டர் ஆம்ப்ரோஸ் லேபில் ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் இருவரும் பல காலம் தேடி, அந்த ஜீன் புரதம் எதையும் செய்யவில்லை, 22 எழுத்து நீளமுள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வைத்தான் செய்கிறது என்று கண்டார்கள். கேரி ருவ்குன் லேபில், லின்-14 என்ற இன்னொரு ஜீனின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்யும் செய்தியைக் கொண்டுபோவது) வாலில் அந்தக் குட்டி போய் ஒட்டும் இடங்கள் தெரியவந்தன. இரண்டு பேப்பரும் 1993இல் செல் இதழில் ஒன்றாக வந்தன.

அப்புறம் ஏழு ஆண்டு அமைதி. இது புழுவின் தனிக் குணம் என்று பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். 2000இல் ருவ்குன் லேபிலிருந்து லெட்-7 என்ற இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ. வந்தது. அது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் இருக்கிறது என்று அதே ஆண்டு காட்டினார்கள். உடனே எல்லோரும் 1993க்குத் திரும்பிப் போனார்கள். 2024இல் ஆம்ப்ரோசுக்கும் ருவ்குனுக்கும் நோபல்.

1998இல் யாராவது உங்களைப் போல ஓர் அப்பா ஆம்ப்ரோசின் சைட்டேஷனைப் பார்த்திருந்தால், மகளை வேறு லேபுக்கு அனுப்பியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 1993 பேப்பரில் முதல் பெயர் ரோசலிண்ட் லீயுடையது. பரிசுப் பட்டியலில் அவர் இல்லை. லேபில் நின்று வேலை செய்த ஒருத்தியாக இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மே 11

மேலே உள்ளதைத் திரும்பப் படித்தேன். சைட்டேஷன் குறைந்த எல்லோரும் நாளைய ஆம்ப்ரோஸ் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைவாக சைட் ஆகும் பேப்பர்களில் பெரும்பாலானவை அப்படியே நின்றுவிடும், அதுதான் வழக்கம். ஆம்ப்ரோசின் பேப்பர் தூங்கிய காலத்திலும் அதைப் படித்த சிலருக்கு அதன் தரம் தெரிந்திருந்தது. ஆகவே ஒருவருடைய ஒரு பேப்பரையாவது வாசிக்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது. உங்கள் மகள் வாசித்திருப்பாள். அவளிடம் கேளுங்கள்.

மே 16

கோவிட் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழிவகுத்த காட்டலின் கரிக்கோ பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு அவரைப் பற்றி எழுத எப்போதும் ஆசை, காரணம் கடைசியில்.

1955இல் ஹங்கேரியில் பிறந்தவர், அப்பா கறிக்கடைக்காரர். 1985இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். தூது ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க முடியும் என்று விடாமல் நம்பினார். பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியது. வேறு யாராக இருந்தாலும் வெளியேறியிருப்பார்கள், அவர் லேபிலேயே நின்றார். பிற்பாடு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ட்ரூ வைஸ்மன் என்ற நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் அறிமுகமானார். இருவருமே ஆய்விதழ்ப் பக்கங்களை நகலெடுக்க வந்தவர்கள்.

சிக்கல் இது: லேபில் செய்த தூது ஆர்.என்.ஏ.வை செல்லுக்குள் விட்டால், வைரஸ் வந்துவிட்டது என்று நோய் எதிர்ப்பு அமைப்பு பொங்கி எழும். ஆனால் டிஆர்.என்.ஏ.வை விட்டால் பொங்குவதில்லை. ஏன்? டிஆர்.என்.ஏ.வில் எழுத்துகள் பல வேதி மாற்றம் அடைந்திருக்கும், அதில் ஒன்று சூடோயூரிடின். அதை தூது ஆர்.என்.ஏ.விலும் சேர்த்தபோது எதிர்ப்பு அடங்கியது. நேச்சர் அந்தப் பேப்பரை ஏற்கவில்லை. 2005இல் இம்யூனிட்டி இதழில் வந்தது. பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. 2013இல் கரிக்கோ, தூது ஆர்.என்.ஏ. மருந்து செய்யும் பயோஎன்டெக் நிறுவனத்துக்குப் போனார். 2020இல் இந்த வழியில் கோவிட் தடுப்பூசிகள் வந்த பிறகு அந்தப் பேப்பரின் சைட்டேஷன் ஆயிரக்கணக்கில் ஏறியது. 2023இல் இருவருக்கும் நோபல்.

பேப்பரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. 2005இல் இருந்த அதே பேப்பர்தான் 2021இலும் இருந்தது.

இனி காரணம். சூடோயூரிடினை 1950களிலேயே கண்டுவிட்டார்கள். அப்புறம் அரை நூற்றாண்டு காலம், அது டிஆர்.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது, எந்த நொதி அதைச் செய்கிறது என்று உலகெங்கும் சின்னச் சின்ன லேப்கள் பொறுமையாகப் பார்த்தன. நானும் அப்படி ஒரு லேபில் இருந்தவள். அந்தத் துறையில் ஆள் குறைவு, அதனால் சைட்டேஷனும் குறைவு. ஆனால் கரிக்கோ அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கையில் எடுக்க அந்த அறிவு தயாராக இருந்தது.

மே 19

தென்னை விவசாயி என்றதால் இது உங்களுக்காகவே.

பிலிப்பைன்ஸில் கடாங்-கடாங் என்றொரு தென்னை நோய். காய் சிறுத்து, பாளை விடுவது நின்று, மரம் பல ஆண்டுகள் இழுத்துச் சாகும். கோடிக்கணக்கான மரங்கள் போயின. அதைச் செய்வது 246 எழுத்து நீளமுள்ள, வட்டமான ஒரு வெறும் ஆர்.என்.ஏ. மேலே உறை கிடையாது, அது எந்தப் புரதத்தையும் செய்யாது. இப்படிப்பட்டவற்றுக்கு வைராய்டு என்று 1971இல் பெயர் வைத்தவர் தியோடர் டீனர், அவர் பார்த்தது உருளைக்கிழங்கு நோயை. நம் கேரளத்து வேர்வாடல் வேறு, அது ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. பயப்பட வேண்டாம்.

தென்னை வைராய்டைப் பற்றி வாழ்நாள் முழுக்க உழைத்த ஒருவரின் எண்ணையும், புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்க்கும் ஒருவரின் எண்ணையும் ஒப்பிட்டால் முதலாமவர் காணாமல் போவார். புற்றுநோய் பார்க்கிற லேப் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, தென்னை வைராய்டு பார்க்கிற லேப் விரல்விட்டு எண்ணலாம். சைட் செய்ய ஆள் இருந்தால்தானே எண் ஏறும்? மொத்தக் காய் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு, தோப்பு எத்தனை ஏக்கர் என்று கேட்காமல் நீங்கள் குத்தகை பேசுவீர்களா, அண்ணா?

மே 20

நாட்டுக்கல் பக்கத்துத் தம்பி கேட்டது: சைட்டேஷனை முழுதாக ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் சைட்டேஷன் அட்டவணையைக் கொண்டுவந்ததே, ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று தேடுவதற்காக. அந்த வேலைக்கு இன்றும் அதைவிட நல்ல கருவி இல்லை. நானே ஒரு பேப்பரைத் திறந்ததும், அதை யார் சைட் செய்தார்கள் என்ற பட்டியலுக்குத்தான் போவேன். ஆளை எடைபோட அதை எடுத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியல் ஆய்வாளர்களின் மாநாட்டில் இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் கூடி, வேலைக்கும் நிதிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அந்த இதழில் வரும் ஒரு பேப்பர் சராசரியாக எத்தனை முறை சைட் ஆகிறது என்ற எண்ணை) பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நம் ஊர் வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

மே 20, இரவு

எனக்கு நடந்தது. ஒரு நேர்காணலில், எந்த ஊர் எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மொத்த சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டர் கூட்டுத்தொகை, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு "நன்றி" என்றார்கள். என் பெயரில் அதிகம் சைட் ஆனது, நண்பர் ஒருவருக்காக ரியல்-டைம் பி.சி.ஆர். மட்டும் ஓட்டிக்கொடுத்த ஒரு பேப்பர். ஆறேழு பெயர்களுக்கு நடுவில் என் பெயர் இருக்கும். பிஎச்.டி. காலம் முழுக்க நான் உயிரைக் கொடுத்துச் செய்த டிஆர்.என்.ஏ. வேலை அந்தத் தாளில் ஏறக்குறைய தெரியவே இல்லை. வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது கோபமாகத்தான் இருந்தது. அது இப்போதும் இருக்கிறது, ஏனென்றால் என் மாணவிகளும் அதே தாளின் முன்னால்தான் போய் நிற்கப்போகிறார்கள்.

மே 27

நீங்கள் தனியாக அனுப்பிய இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

ஆறாயிரத்துக்காரர்: பாதிக்கு மேல் ஒரே பேப்பரிலிருந்து. பல நாட்டு லேப்கள் சேர்ந்து செய்த ஜீனோம் வேலை, நூற்றுக்கணக்கான பெயர்களில் இவரும் ஒருவர். அடுத்த பெரிய பங்கு ஒரு ரிவ்யூ கட்டுரை. ரிவ்யூ எப்போதும் அதிகம் சைட் ஆகும், பலருடைய வேலையை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதால். இரண்டையும் கழித்தாலும் மீதி நன்றாகவே இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி ஐந்தாறு வருடப் பேப்பர்களில் முதல் பெயராக வருவது பெரும்பாலும் அதே ஒரு ஆள். அவர் மாணவர் இல்லை, லேபின் நிரந்தர ஊழியர்.

நானூற்றுக்காரர்: சுமார் பதினைந்து பேப்பர். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் பெயர் வெவ்வேறு மாணவர், கடைசிப் பெயர் இவர். உயிரியலில் முதல் பெயர் கையால் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் லேபை நடத்துகிறவருடையது. மாணவர்களின் வேலை மாணவர்கள் பெயரிலேயே வருகிறது என்று அர்த்தம். அவர் பார்ப்பது டிஆர்.என்.ஏ. மாற்றங்கள். இதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, அதனால் நான் ஒரு பக்கம் சாய்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இரண்டு பேப்பரை வாசித்தேன். கட்டுப்பாட்டுச் சோதனைகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. எதிர்பார்த்தபடி வராத முடிவையும் ஒளிக்காமல் படமாகப் போட்டிருக்கிறார்.

அவரைத் தன் பேப்பரில் குறிப்பிட்டவர்கள் யார் என்றும் பார்த்தேன். வேறு வேறு நாட்டு லேப்கள், தன்னைத் தானே சைட் செய்வது குறைவு. குறிப்பிட்ட இடம் பெரும்பாலும் முடிவுகளை விவாதிக்கும் பகுதியில். அதாவது படித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

மே 28

ஒரு நண்பர் "மோசடிப் பேப்பரும் சைட் ஆகுமே" என்று எழுதியிருக்கிறார். ஆகும். தாவர ஆர்.என்.ஏ. துறையில் மிகப் பெரிய பெயராக இருந்த ஓர் ஐரோப்பிய லேபின் பேப்பர்களில் படங்கள் திருத்தப்பட்டிருந்தது 2015இல் வெளியே வந்தது, பல பேப்பர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன்னால் அவற்றை நம்பி எத்தனையோ மாணவர்கள் சோதனை செய்து, ஏன் நமக்கு வரவில்லை என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள். எனக்கு அந்த மாணவர்களை நினைத்தால்தான் வருத்தம்.

ஜூன் 3

மகள் இரண்டு லேபுக்கும் நேரில் போய் மாணவர்களிடம் பேசினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மிக நல்ல காரியம். பெரிய லேபில் கருவி எல்லாம் இருக்கிறது, கைடைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். சின்ன லேபில் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறார்கள், ஆனால் இப்போதைய புராஜெக்ட் நிதி அடுத்த வருடம் முடிகிறதாம்.

இதை லேசாக விடக்கூடாது. ஜே.ஆர்.எஃப். 37,000 ரூபாய் மகளுக்கு வந்துவிடும், லேபில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் டிஆர்.என்.ஏ. மாற்றங்களைப் பார்க்க மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும், எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் வேண்டும், நொதிகள் வாங்க வேண்டும், எல்லாம் விலை. எங்கள் லேபில் நிதி நின்ற ஒரு மழைக்காலத்தில் மைனஸ் எண்பது ஃப்ரீசர் பழுதாகி, சரிசெய்ய ஆள் கூப்பிடப் பணமில்லாமல் ஒருவருடைய சாம்பிள் எல்லாம் போனது. அதனால் மகள் அவரிடம் நேராகவே கேட்கட்டும்: அடுத்த நிதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா, மாஸ் ஸ்பெக் யாருடையதைப் பயன்படுத்துகிறீர்கள், வெளி லேபுடன் கூட்டு இருக்கிறதா? நல்ல கைடு இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஜூன் 9

விண்ணப்பம் போட்டாயிற்று, மாஸ் ஸ்பெக்குக்கு இன்னொரு நிறுவனத்தோடு ஏற்பாடு இருக்கிறது, முந்தைய மாணவர்கள் இரண்டு பேர் அதில்தான் முடித்தார்கள் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் என் கருத்து தெளிவு: மகள் விரும்புகிற இடத்துக்கே அனுப்புங்கள், அண்ணா.

சேர்வதற்கு முன் அவள் இரண்டு பேப்பர் வாசித்துவிட்டுப் போகட்டும்: கரிக்கோவின் 2005 பேப்பர், அப்புறம் அவளுடைய கைடின் கடைசிப் பேப்பர். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். அச்செடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்கு வரச் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கலாம். படங்களை முதலில் பார்த்து, அவளுக்குத் தோன்றும் கேள்விகளை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வரட்டும்.